ஆளோலையும் ஆலைச் சங்கும்

பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வாணியம்பாடி தொடங்கி ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை வரையில் பரவிக் கிடக்கும் தோல் தொழிலைப் பற்றி எழுதியவர்கள், கப்பலேறிய சரக்கின் மதிப்பையும் ஆற்றில் கலந்த கழிவின் கேட்டையும் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆயினும் சுண்ணாம்புக் குழியில் முழங்கால் வரை இறங்கி நின்று ஊறிய தோலைப் புரட்டியவன் யார், ஆவாரம்பட்டைச் சாற்றில் அதைத் தோய்த்தெடுத்தவன் யார், அவனுடைய பாட்டன் எந்தக் கிராமத்தில் எவருடைய வயலில் படியாளாய்க் கட்டுண்டு கிடந்தான் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. வேலூர் என்றதும் கோட்டையையும், 1806 ஜூலை 10 அன்று அங்கே மூண்ட சிப்பாய்க் கிளர்ச்சியையும் நினைவுகூரும் நம் சரித்திர உணர்ச்சி, இந்தக் கேள்வியின் பக்கம் திரும்பவேயில்லை. அதனை எவ்விதம் கேட்பது என்று அறிய விரும்புகிறவர்கள் தூத்துக்குடிக்குப் போக வேண்டும், அங்கே வ.உ.சிதம்பரம் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராய் இருந்த ஆ. சிவசுப்பிரமணியன் அவர்களின் நூல்களைப் பயில வேண்டும்.

இவர் பேராசிரியர் நா. வானமாமலையின் வழியில் வந்தவர். கதைப்பாடலையும் பழமொழியையும் குலதெய்வக் கதையையும் கல்வெட்டுக்கு நிகரான சான்றாக மதிக்கக் கற்றுக்கொடுத்தது வானமாமலை நடத்திய ‘ஆராய்ச்சி’ என்னும் இதழ். அந்தப் பயிற்சி சிவசுப்பிரமணியனின் எல்லா நூல்களிலும் ஊடுருவி நிற்கிறது. 1980களில் ‘அடிமை முறையும் தமிழகமும்’ என்று சிறு நூலாக வெளிவந்த அவருடைய ஆய்வு, பின்னர் விரிவுபெற்று 2005இல் ‘தமிழகத்தில் அடிமை முறை’ என்று மறுவடிவம் கொண்டது. அடிமைத்தனம் கிரேக்கத்துக்கும் ரோமுக்கும் அமெரிக்காவுக்கும் உரியது, நம் நாட்டில் அப்படியொன்று இருந்ததில்லை என்று மேடைதோறும் பலர் முழங்கிவந்த காலத்தில், ஓலைகளையும் கல்வெட்டுகளையும் எடுத்து வைத்து அந்தப் பெருமிதத்தை அவர் அமைதியாகக் குலைத்தார். அதனை நான் ஒரு பேருபகாரமாகவே கருதுகிறேன்.

சோழர் ஆட்சியை இன்னமும் பொற்காலம் என்றே பாடம் நடத்துகிறோம். அக்காலத்துச் செய்தி ஒன்றைக் கேளுங்கள். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டில், தஞ்சைப் பகுதித் திருப்பாம்புரத்தில் காசுக்கு மூன்று நாழி நெல் விற்கும் பஞ்சம் வந்தது. வேளாளர் ஒருவர், தம் இரண்டு பெண்மக்களோடு தம்மையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். விற்றவரும் அவரே, விற்கப்பட்டவரும் அவரே. ஆடு மாடு நிலம் போலவே ஆளுக்கும் விலை எழுதி, ஆளோலை என்று அதற்குப் பெயரும் இட்டு, வழிவழியாக அடிமைப்பட்டிருக்கச் சம்மதம் வாங்கிக்கொண்ட தேசம் இது. கோயில் அடிமையின் உடம்பிலே சூலக் குறி பொறிக்கும் வழக்கமும் இருந்தது. கற்றளியின் அழகை வியக்கின்ற கண்கள் அதே சுவரில் பொறித்திருக்கும் இந்த வரிகளையும் வாசிக்க வேண்டாமா?

ஆங்கிலேய அரசாங்கம் இக்கொடுமையைத் துடைத்தெறிந்தது என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. தன் சாம்ராஜ்யம் எங்கும் அடிமைத்தளையை நீக்குவதாக 1833இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் செய்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் நாடுகளை அதிலிருந்து விலக்கிவைத்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், அடிமை என் உடைமை என்று நியாயஸ்தலத்தில் வழக்காட முடியாதபடி செய்ததேயொழிய, அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. 1860இன் தண்டனைச் சட்டம் வந்த பின்னரே அது குற்றமாயிற்று. சட்டம் மாறியது, கடன் மாறவில்லை. விதைநெல்லுக்கும் கல்யாணத்துக்கும் வாங்கிய பணம் படியாளையும் அவன் மகனையும் அதே வயலில் பிடித்து வைத்தது. அதனால்தான் வட ஆர்க்காட்டின் சேரிகளிலிருந்து கூட்டங்கூட்டமாய் ஜனங்கள் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைப்பது மேலென்று அவர்களுக்குத் தோன்றியது. தோல் பதனிடும் தொழிலும் அப்படியொரு வாசலாகவே பலருக்குத் திறந்தது. துர்நாற்றத்தினிடையே என்றாலும் அங்கே கையில் ரொக்கக் கூலி கிடைத்தது.

அடிமை ஓலையைப் படித்த அதே கண்ணோடு தலைவர்களின் சரித்திரத்தையும் படித்ததே சிவசுப்பிரமணியனிடம் நான் காணும் தனிச்சிறப்பு. வ.உ.சி. என்றால் நாம் கப்பலையும் செக்கையும் நினைப்போம், ‘வ.உ.சியும் முதல் தொழிலாளர் வேலைநிறுத்தமும்’ என்ற நூலில் சிவசுப்பிரமணியன் நம்மை நூற்பாலை வாசலுக்கு அழைத்துச் செல்கிறார். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்றே திரும்பினர். மார்ச் 12இல் வ.உ.சி. கைதானதும் அவர்கள் மறுபடியும் வெளியேறினார்கள். நாவிதரும் ஜட்கா வண்டிக்காரரும் உடன் சேர்ந்தார்கள். திலகருக்காகப் பம்பாய் ஆலைகள் மூடப்பட்டதோ அதற்குப் பிறகு, அவ்வாண்டு ஜூலையில்தான். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் நடந்த கலெக்டர் ஆஷின் கொலையைப் பற்றியும் தனி நூல் செய்தார். வீரவணக்கத்தோடு நின்றுவிடாமல், ஆஷைச் சுட்ட வாஞ்சியைச் சூழ்ந்திருந்த இயக்கத்தின் கருத்துகளையும் அவர் ஆராய்ந்திருக்கிறார்.

சேரியிலிருந்து ஆலைக்கு வந்தவர்களைப் பேசுவதால் ஆம்பூர்வாசிகளுக்கு இன்னும் நெருக்கமான நூல், ஆ.இரா. வேங்கடாசலபதியோடு சேர்ந்து எழுதிய ‘பின்னி ஆலை வேலைநிறுத்தம்’. அந்த வேலைநிறுத்தத்தின்போது, 1921இல் சென்னைப் புளியந்தோப்பில் சாதி இந்துத் தொழிலாளரும் ஆதிதிராவிடத் தொழிலாளரும் மோதிக்கொண்ட துயரத்தில், தொழிற்சங்கத்தின் பக்கம் திரு.வி.க. நின்றார், தம் மக்கள் பக்கம் எம்.சி. ராஜா நின்றார். இருவரும் மாமனிதர்கள். ஒருவரைத் தூக்கி மற்றவரைத் தாழ்த்துவது எளிது. ஆனால் வேலைநிறுத்த நாளில் சேரிக் குடும்பம் எதைத் தின்றது, வேலைக்குத் திரும்பியவன் எதற்காகத் திரும்பினான் என்று முதலில் கேளாமல் அத்தலைவர்களை எடைபோடலாகாது.

தோல் தொழிலாளருக்கு இத்தகைய நூல் ஒன்று வரவேண்டும். சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களும், முன்பணக் கணக்கேடுகளும், பழைய பத்திரப் பதிவுகளும் கரையானுக்கு இரையாகும் முன்னே திரட்டப்பட வேண்டும். தோலை ஊறவைத்த முதியவர்களின் வாய்மொழியையும், இன்று ஷூ கம்பெனிகளில் மேல்தோல் தைக்கும் அவர்களுடைய பேத்திகளின் வாய்மொழியையும் ஒருங்கே பதிவு செய்ய வேண்டும். ஆம்பூரிலும் வேலூரிலும் உள்ள கல்லூரிகளின் சரித்திர மாணவர்களுக்கு இதற்கான ஏடுகள் பஸ் போகும் தூரத்திலேயே இருக்கின்றன.