காற்றுக்கு மறைப்பு



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன வாரம் போன் செய்தாள். இப்போது செவிலியராக இருக்கிறாள். பயிற்சிக் காலத்தில் அவளுடைய ஊர்ப் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தார்களாம். அதனால் மூன்று மாதம் வார்டில் வாயைத் திறக்கவே இல்லையாம். "ஒரு பாட்டிக்கு மூச்சு வாங்குறது தெரிஞ்சும் சொல்லப் பயந்து நின்னேன் சார்" என்றாள். யாரோ பார்த்துவிட்டதால் பாட்டி பிழைத்தார். அன்றிரவு எனக்கு நியூசிலாந்தின் ஒரு மாணவி ஞாபகம்தான்.

நியூசிலாந்தின் பூர்வகுடிகள் மாவோரி மக்கள். 1840இல் பிரிட்டிஷ் அரசோடு வைத்தாங்கி உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பிறகு நிலம் போனது. பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்குப் பிரம்படி. (எங்கள் வாத்தியார் இனமே இப்படித்தான் போலிருக்கிறது!) அவர்களில் செவிலியர்கள் இல்லாமல் இல்லை. 1908இல் பதிவு பெற்ற அகெனெஹி ஹேய், டைபாய்டு கண்ட உறவினர்களுக்குப் பணிவிடை செய்து, அதே நோயில் 1910இல் இறந்துபோனார்.

ஆனால் அந்தக் காலத்தில் மருத்துவமனைக்குள் போனால் எல்லாம் வெள்ளைக்காரர் வழக்கமாக இருந்தது. மாவோரி மக்களுக்குத் தலை புனிதமானது. தலைக்கு வைக்கும் தலையணையைக் காலுக்கு வைக்க மாட்டார்கள், அதன்மேல் உட்காரவும் மாட்டார்கள். அவர்கள் மொழியில் 'ஃபெனுவா' என்றால் நிலம். நஞ்சுக்கொடிக்கும் அதே சொல்தான். குழந்தை பிறந்ததும் அதைச் சொந்த மண்ணில் புதைப்பார்கள். அன்றைய மருத்துவமனையில் அது கழிவாக இருந்தது. இதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மாவோரி மாணவியின் நிலையை யோசித்துப் பாருங்கள். பேசினால் மூடநம்பிக்கைக்காரி என்று பெயர். பேசாவிட்டால் தன் பாட்டிக்கே துரோகம்.

1988இல் கிறைஸ்ட்சர்ச் நகரில் மாவோரி செவிலியர் கல்வி பற்றி ஒரு கூட்டம் நடந்தது. சட்டப் பாதுகாப்பு, தொழில் பாதுகாப்பு என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, எங்கள் பண்பாட்டுக்குப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் இரிஹபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரி செவிலியர். 'கவா ஃபகருருஹௌ' என்று அதற்குப் பெயர் வந்தது. கவா என்றால் ஊர்ப் பொது இடத்தில் கடைப்பிடிக்கும் முறைமை. ருருஹௌ என்றால் காற்றுக்கு மறைப்பு. வயல்காட்டில் விளக்கை ஏற்றி, அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ராம்ஸ்டன் சொன்னதில் ஒன்று என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது. மாவோரி வழக்கங்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை அவர். முதலில் உன்னைப் பார் என்றார். நீ எந்த வீட்டில் வளர்ந்தாய், யாரைத் தாழ்வாக நினைக்கப் பழகினாய், இந்த வார்டில் உன் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது? பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் செவிலியர் அல்ல, சிகிச்சை பெற்றவர். நாற்பது வருடம் வகுப்பு எடுத்தேன். பாடம் நன்றாக நடந்ததா என்பதை நானேதான் தீர்மானித்துக்கொண்டேன்.

1992இல் செவிலியர் மன்றம் இதைப் பயிற்சியில் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டே பத்திரிகைகள் உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டன. ஊசி போடக் கற்றுக்கொடுக்காமல் பழங்கதை சொல்கிறார்கள் என்று கூச்சல். 1995இல் நாடாளுமன்றக் குழு விசாரணை வரை போனது. பாடம் மட்டும் நீக்கப்படவில்லை. ராம்ஸ்டன் இதையே ஆய்வேடாக்கி 2002இல் முனைவர் பட்டம் பெற்றார். 2003இல் காலமானார். கனடா, ஆஸ்திரேலியாவிலும் பூர்வகுடிச் செவிலியர்கள் அவருடைய சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

போன் செய்த பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அவள் வார்டுக்கு இந்த மாதம் புதுப் பயிற்சி மாணவிகள் வருகிறார்களாம். அதில் ஒருத்தி மலைக்கிராமத்துப் பிள்ளை, வந்த நாள் முதல் மூலையில் நிற்கிறாளாம். "நாளைக்கு அவகூட உக்காந்து டீ குடிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.