முதல் தகவல் அறிக்கை போகும் வழி

கருமத்தம்பட்டியில் டி.எஸ்.பி. அலுவலகம் இருப்பது ஒரு வகையில் வசதி. சாதியைச் சொல்லித் திட்டினார்கள், அடித்தார்கள் என்று புகார் வந்து, எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானால், அதை எஸ்.ஐ.யோ இன்ஸ்பெக்டரோ விசாரிக்க முடியாது. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்கிறது 1995ஆம் ஆண்டு விதிகளில் 7ஆம் விதி. வேறு ஊரில் பஸ் ஏறிப் போக வேண்டிய காகிதம், இங்கே ஊருக்குள்ளேயே மேசை மாறிவிடும். அதற்குப் பிறகுதான் அலைச்சல்.

காகிதம் பிறப்பதே பாதிப் போராட்டம். வெள்ளைத்தாளில் எழுதிக் கொண்டுபோகும் மனுவுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீதுதான். அதற்குள் ஊர்ப் பெரியவர்கள் வந்துவிடுவார்கள். "பேசி முடிச்சுக்கலாமுங்க, எதுக்குங்க கேஸு?" மசியவில்லை என்றால் எதிர்த்தரப்பிலிருந்தும் ஒரு புகார் வரும், இரண்டையும் சேர்த்து வைத்துச் சமரசம் பேசுவது சுலபம். எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை என்று 2018இலேயே 18ஏ பிரிவைச் சேர்த்தாகிவிட்டது. ஆனாலும் 'விசாரித்துப் பார்க்கிறோம்' என்ற சொல் காவல் நிலையங்களில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சட்டம் வந்து முப்பத்தைந்து ஆண்டு தாண்டியும் மக்கள் இதைப் பழைய 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் 'பி.சி.ஆர். கேஸ்' என்றே சொல்கிறார்கள்.

எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நடந்த நாள், நேரம், இடம், எதிரிகளின் பெயர், சட்டப்பிரிவு எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. புகார் கொடுத்தவர் இன்றிரவு எங்கே படுப்பார் என்பதற்குக் கட்டம் இல்லை.

இதைச் சும்மா சொல்லவில்லை. 3(1)(r) என்ற பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் பார்க்க இழிவுபடுத்திய குற்றம். ஒருவர் தோட்டத்துச் சாளையிலேயே குடியிருக்கும் பண்ணையாள். திட்டியவர் தோட்டக்காரர் என்றால், புகார் எழுதிய அன்றே அவருக்கு வேலையும் போயிற்று, கூரையும் போயிற்று. இன்னொருவர் சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுபவர். திட்டிய முதலாளியிடமே முன்பணம் வாங்கியிருக்கிறார். அவருக்கு முதலில் வேண்டியது அந்தக் கடனிலிருந்து விடுதலை. மூன்றாவது ஆள் கல்லூரிக்குப் போகும் பெண். எதிரி வீட்டைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போயாக வேண்டும். மூன்று பேருக்கும் பிரிவு ஒன்று, 2016இல் திருத்திய விதிகளின்படி தொகையும் ஒன்று: ஒரு லட்சம். எஃப்.ஐ.ஆர். கட்டத்தில் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50 சதவீதம், தண்டனை கிடைத்தால் மீதி 25. நிவாரணம் ஆளைப் பார்ப்பதில்லை, பிரிவைப் பார்க்கிறது.

இப்படிப் பிரிவுவாரியாகத் தொகை எழுதிய நிவாரண அட்டவணை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் எவ்வளவு கொடுப்பது என்பது அதிகாரியின் தயவில் நிற்கும். நம் ஊரில் அந்தத் தயவு எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொலை வழக்குகளில் அட்டவணை தாராளமாகவே யோசித்திருக்கிறது. பணத்தோடு மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியமும் அகவிலைப்படியும், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, நிலம், வீடு, பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை செலவு, மூன்று மாதத்துக்குப் பாத்திரம், அரிசி, பருப்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரிந்த யாரோ எழுதியிருக்க வேண்டும். சாவு விழாத வீட்டுக்கு அந்த யோசனை எட்டவில்லை.

காவல் நிலையத்திலிருந்து காகிதம் கோவை கலெக்டர் அலுவலகத்துக்கும் ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் போகிறது. 12ஆம் விதிப்படி கலெக்டரும் எஸ்.பி.யும் சம்பவ இடத்துக்குப் போய், சேதத்தைக் கணக்கிட்டு, நிவாரணம் பெற வேண்டியவர்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும்; ஏழு நாளுக்குள் பணமாகவோ பொருளாகவோ உதவி போய்ச் சேர வேண்டும். ஆனால் நடுவில் சாதிச் சான்றிதழ் என்று ஒரு சுங்கச்சாவடி இருக்கிறது. சூலூர் தாசில்தார் அலுவலகத்துச் சான்று கோப்பில் ஏறாமல் காகிதம் நகராது.

சிலருக்கு அந்த இடத்திலேயே பயணம் முடிந்தும்போகும். கருமத்தம்பட்டி பழைய கத்தோலிக்க ஊர். ஜெபமாலை அன்னை பசிலிக்காவின் கோபுரம் இதன் அடையாளம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியினர். மதம் மாறிய தலித் கிறிஸ்தவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். அவரை அதே வாய் அதே சொல்லால் திட்டினாலும் இந்தச் சட்டம் அவருக்கு இல்லை. ஆந்திர உயர் நீதிமன்றம் 2025இல் இதை அழுத்திச் சொன்னது. அவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம், பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். திட்டியவன் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டுவிட்டா திட்டினான்?

ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் கொண்டுவந்த பாதிக்கப்பட்டோர் உரிமை நெறிமுறையின் 22ஆம் பிரிவு வேறு பக்கத்திலிருந்து தொடங்குகிறது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் தனித்தனியாக மதிப்பிட வேண்டும்: அவர் யார், நடந்தது என்ன, எந்தச் சூழலில் நடந்தது, மறுபடி தாக்கப்படுவாரா, மிரட்டப்படுவாரா. வெறுப்பினால் தாக்கப்பட்டவர்களுக்குத் தனிக் கவனம். முக்கியமாக, அவரையே உடன் வைத்துக்கொண்டு, அவர் விருப்பத்தைக் கேட்டு மதிப்பிட வேண்டும். நிலைமை மாறினால் மதிப்பீட்டையும் மாற்ற வேண்டும். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் நம்பவில்லை. கேள்வியாவது சட்டத்தில் இருக்கிறது.

நம் சட்டத்திலும் அதற்கு ஒரு வாசல் இருக்கிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவின் 2ஆம் உட்பிரிவு, வயது, பாலினம், கல்விக் குறைபாடு, வறுமை ஆகியவற்றால் எழும் சிறப்புத் தேவையைக் கருத்தில் கொண்டு பாதிக்கப்பட்டவரை நடத்த வேண்டும் என்கிறது. அந்தத் தேவையை யார், என்றைக்கு, எந்தப் படிவத்தில் எழுதுவது என்பது அங்கே இல்லை.

தேவை எப்படி மாறும் என்பதற்கு உடுமலை சாட்சி. 13.3.2016 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில், சாதி மறுத்து மணந்த தலித் இளைஞர் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். அவர் மனைவி கௌசல்யா வெட்டுக்காயத்தோடு பிழைத்தார். காயம்பட்டவர், கணவனை இழந்தவர், முக்கிய சாட்சி, குற்றம் சாட்டப்பட்டவரின் மகள் என நான்கும் ஒரே ஆள். மருத்துவமனையில் இருந்தபோது வேண்டியது ஒன்று. வெளியே வந்தபின் பிழைப்பு, அது வெலிங்டன் கன்டோன்மென்ட் வேலையாகக் கிடைத்தது. பெற்றவர்களுக்கு எதிராகக் கூண்டில் ஏறியபோது வேண்டியது வேறு. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 22.6.2020 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையைக் குறைத்தது. அன்றைக்கு அவருடைய பாதுகாப்புக் கணக்கை முதலிலிருந்து போட்டிருக்க வேண்டும். எந்த நிவாரண அட்டவணையிலும் அப்படி ஒரு தவணை கிடையாது.

ஆளைப் பார்த்துக் கணக்குப் போடும் ஒரே ஏற்பாடு இங்கே சாட்சிகளுக்கு உண்டு. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மிரட்டலுக்கு ஆளான சாட்சி விண்ணப்பித்தால், அபாயம் எவ்வளவு என்று ஐந்து வேலை நாளுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டியவர் அந்த உட்கோட்டத்து டி.எஸ்.பி. ஆக, காகிதம் சுற்றிச் சுற்றி மறுபடி கருமத்தம்பட்டி மேசைக்கே வருகிறது. ஐந்து நாளில் அபாயத்தை அளக்க முடிகிற அதே மேசையில், அதே ஆளின் கூரையையும் கடனையும் கல்லூரி வழியையும் அளக்க என்ன தடை? ஒரு பக்கப் படிவம் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கலெக்டர் தலைமையில் கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு தீர்மானம் போட்டால் கோவையில் நாளைக்கே தொடங்கலாம்.

நீதிமன்ற அலைச்சலில் மட்டும் விதிகள் ஆளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கின்றன. சாதியின் பெயரால் கொல்லப்பட்ட தலித் இளைஞர் கோகுல்ராஜின் வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டபோது, ஓமலூர்க் குடும்பத்துக்கு நீதி அத்தனை கிலோமீட்டர் தள்ளிப்போனது. கருமத்தம்பட்டிக்காரருக்கு அவிநாசி சாலையில் ஒரு பஸ் என்றாலும், தறியை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும்; ஓடாத தறிக்குக் கூலி இல்லை. 11ஆம் விதி பயணப்படியும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தினப்படியும் தரச் சொல்கிறது. பெண்கள், சிறார், 60 வயதைத் தாண்டியவர்கள், 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்கள் தங்களுக்கு வேண்டிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம்; துணைக்கு வருபவருக்கும் செலவு உண்டு. எதிரி ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 2021 அக்டோபரில் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயம் என்றது.

உங்கள் தெருவில் யாராவது இப்படிப் புகார் கொடுத்திருந்தால், எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அவருக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேட்டு, அதைத் தனி மனுவாக எழுதி, 15ஏ(2) என்று குறிப்பிட்டு, டி.எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மறுத்தால் 14566 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.