கேழ்வரகு மாவும் கப்பல் கம்பெனியும்

சொந்தக்காரப் பையன் ஒருத்தன் கூட்டாளிங்க ரெண்டு பேரோட சேர்ந்து கேழ்வரகு மாவு, புளி எல்லாம் பாக்கெட் போட்டு விக்கப் போறான். "மாமா, பார்ட்னர்ஷிப்பா போடறதா, பிரைவேட் லிமிடெட்டா போடறதா? வக்கீல் ஒண்ணு சொல்றார், ஆடிட்டர் வேற சொல்றார்"னு வந்து நின்னான். நான் வக்கீலும் இல்ல, ஆடிட்டரும் இல்ல. பழைய கதை படிக்கிற ஆளு. அதனால ஒரு பழைய கதையைத்தான் சொன்னேன். அதையே இங்கயும் எழுதி வைக்கிறேன்.

நம்ம பென்னாகரம் தாலுகா பாப்பாரப்பட்டியில சுப்பிரமணிய சிவா நினைவிடம் இருக்கறது எல்லாருக்கும் தெரியும். 1923-ல் பாரத மாதா கோயிலுக்கு சித்தரஞ்சன் தாஸை வைத்து அடிக்கல் நாட்டி, அது முழுசா எழும்பறதைப் பார்க்காமலே 1925 ஜூலை 23-ல் இங்கேயே இறந்துபோனார். தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு தோள் சேர்ந்து நின்றவர். அந்த வ.உ.சி. ஆரம்பித்த கம்பெனியின் கதைதான் இது.

வ.உ.சி.யை நாம் கப்பல் ஓட்டியவராகத்தான் நினைக்கிறோம். அடிப்படையில் அவர் ஒரு வக்கீல். அதனால கம்பெனியை முறையா, சட்டப்படி பதிவு பண்ணினார். 1906 அக்டோபர் 16-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாச்சு. 1882-ம் வருஷத்து இந்தியக் கம்பெனிச் சட்டத்தின் கீழ். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்கு, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்.

சட்ட ஆலோசகர்களில் ஒருவர் யார் தெரியுமா? சேலம் விஜயராகவாச்சாரியார்! 1920-ல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர். தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான், அதுவரை நாமெல்லாம் சேலம் ஜில்லா. ஆக, தூத்துக்குடி கப்பலுக்கு நம்ம ஜில்லாக்காரர் மூளையும் போயிருக்கு :-)

சரி, எதுக்கு இந்த 'லிமிடெட்'? சாதாரணக் கூட்டு வியாபாரத்துல கடன் வந்தா, கூட்டாளியோட வீடு, நிலம் வரைக்கும் கை வைக்கலாம். லிமிடெட் கம்பெனியில 25 ரூபாய் பங்கு வாங்கினவனுக்கு அந்த 25 ரூபாயோட நஷ்டம் முடிஞ்சுது. சாதாரண ஜனங்க கிட்ட பணம் திரட்டிக் கப்பல் விடணும்னா இதைத் தவிர வேற வழி கிடையாது.

இந்தத் தத்துவத்தை உறுதி பண்ணினது லண்டன்ல ஒரு செருப்புத் தொழிலாளர் முதலாளி கேஸ். பேர் சாலமன். குடும்பத்து ஆட்கள் ஆறு பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்து, மீதியைத் தானே வைத்துக்கொண்டு கம்பெனி ஆரம்பித்தார். அப்போ குறைஞ்சது ஏழு பேர் வேணும். இந்தியாவிலும் 1882 சட்டப்படி அதே ஏழுதான். கம்பெனி நொடிச்சுப் போச்சு. 'எல்லாம் உன்னுதுதானே, நீயே கடனைக் கட்டு'ன்னு கேட்டாங்க. பிரபுக்கள் சபை 1896-ல், கம்பெனி வேறு, சாலமன் வேறுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. காகிதத்துல பிறந்தாலும் கம்பெனி தனி ஆள்.

இப்போ தூத்துக்குடிக்கு வருவோம். வாடகைக் கப்பலை நம்ப முடியாமப் போக, வ.உ.சி. பம்பாய் போய் முயற்சி பண்ணி காலியா, லாவோ என்று ரெண்டு கப்பலைச் சொந்தமாக்கினார். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைச்சுக்கிட்டே வந்தது. கடைசியில இலவசமா ஏத்தி, குடையும் கொடுத்ததாச் சொல்வாங்க. அதையும் தாங்கி நின்னாங்க.

1908 மார்ச் 12-ல் வ.உ.சி.யும் சிவாவும் கைது. ஜூலையில தீர்ப்பு. வ.உ.சி.க்கு ரெட்டை ஆயுள் தண்டனை. அதுல ஒண்ணு சிவாவுக்குத் துணை நின்னதுக்காக! சிவாவுக்கு பத்து வருஷம். மேல்முறையீட்டுல தண்டனை குறைஞ்சாலும், ரெண்டு பேரும் வெளியே வந்தது 1912-ல். சிவா தொழுநோயோட வந்தார்.

கம்பெனியை யாரும் கைது பண்ணல. சட்டப்படி அது தனி ஆளாச்சே! ஆனா 1911-ல் அது கலைக்கப்பட்டுப் போச்சு. காலியா கப்பல் போட்டிக்காரன் கைக்கே போனது. எனக்கு இந்த இடம்தான் மனசை அறுக்குது. மெமோராண்டம், ஆர்ட்டிகிள்ஸ், இயக்குநர்கள், வக்கீல்கள் எல்லாம் பக்காவா இருந்தும், ஓட்டின ஆள் உள்ளே போனதும் நின்னுடுச்சு. சட்டம் பங்குதாரரைக் காப்பாத்தும். தொழிலைக் காப்பாத்தாது.

பையனுக்குச் சொன்னது இவ்வளவுதான். ஏழு பேர் வேண்டாம், 1913 சட்டத்துலயே பிரைவேட் கம்பெனிக்கு ரெண்டு பேர் போதும்னு ஆச்சு. 2013 சட்டத்துல ஒரே ஆளே கம்பெனி வைக்கலாம். ஒரு லட்சம் மூலதனம் கட்டாயம்ங்கிற விதியும் 2015-ல போயிடுச்சு. நடுவாந்திரமா எல்.எல்.பி.ன்னு 2008 சட்டமும் இருக்கு. பார்ட்னர்ஷிப்தான்னா அதைப் பதிவு பண்ணிடு. பதியாத பார்ட்னர்ஷிப், சரக்கு வாங்கினவன் பணம் தரலேன்னா ஒப்பந்தத்தை வச்சு கேஸ் போட முடியாது. இன்னொண்ணு, லிமிடெட்னு பேர் இருந்தாலும் பேங்க் லோனுக்கு சொந்த ஜாமீன் கையெழுத்து போட்டா அந்தப் பாதுகாப்பு அங்கேயே ஓட்டை.

எது போட்டாலும் வக்கீல் கிட்ட ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை ஒப்பந்தத்துல எழுதச் சொல்லுன்னேன். "எங்கள்ல ஒருத்தன் நாளைக்கு இல்லேன்னா, யார் ஓட்டறது?"

பையன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "மூணு பேரும் முதல்ல பாப்பாரப்பட்டி போயிட்டு வர்றோம் மாமா"ன்னான். போயிட்டு வாங்கடா. அப்புறமா ஆடிட்டரைப் பார்க்கலாம்.