ஜப்பானியப் பாட ஆய்வு

ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் கூடி ஒரு பாடவேளையைத் திட்டமிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் அதைத் தம் வகுப்பில் நடத்துகிறார். மற்றவர்கள் உடன் நின்று கவனித்து, அன்றே அமர்ந்து விவாதிக்கிறார்கள். இந்தப் பணியிடைப் பயிற்சி முறையே பாட ஆய்வு. ஜப்பானிய மொழியில் இதை ஜுக்யோ கென்க்யூ என்பர். அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் இது வழக்கமான வேலைகளில் ஒன்று; மேல்நிலை வகுப்புகளில் அவ்வளவாக இல்லை.

தோற்றம்

ஜப்பானின் மெய்ஜி அரசு 1872-இல் நாடு முழுவதற்குமான பள்ளிக்கல்வி முறையை அறிவித்தது. அதுவரை தெராகோயா எனப்பட்ட சிறு பள்ளிகளில் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆசிரியரிடம் பாடம் கேட்டு வந்தனர். ஒரே வயதினரை வரிசையாக உட்கார வைத்து எல்லோருக்கும் சேர்த்துக் கற்பிப்பது யாருக்கும் பழக்கமில்லாத வேலை. அதே ஆண்டு டோக்கியோவில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் மேரியன் ஸ்காட் என்ற அமெரிக்கர் அந்த முறையைச் செய்து காட்டினார். பயிற்சிப் பள்ளிகளோடு இணைந்த மாதிரிப் பள்ளிகளில் ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் பார்த்து விமரிசிக்கும் வழக்கம் இப்படித்தான் வேர்விட்டது. நம் பி.எட். மாணவர்களும் விமரிசன வகுப்பு என்ற பெயரில் இதைக் கடந்து வருகிறார்கள். இங்கே அது பட்டத்தோடு முடிந்துவிடுகிறது. ஜப்பானிய ஆசிரியருக்கோ பணிக்காலம் முழுவதும் தொடர்கிறது.

நடைமுறை

பள்ளி முதலில் ஓர் ஆய்வுப் பொருளை வகுத்துக்கொள்கிறது. ‘தாமாக யோசித்து, பிறர் யோசனையையும் காதுகொடுத்துக் கேட்கும் பிள்ளைகள்’ என்பது போல அது பொதுவாகவே இருக்கும். நுணுக்கமெல்லாம் அடுத்த கட்டமான பாடப்பொருள் ஆய்வில்தான். பாடநூல்களையும் அரசின் பாடத்திட்டத்தையும் ஒப்பிட்டு, ஒரு கருத்து எந்த வகுப்பில் எப்படித் தொடங்கி எங்கே போகிறது என்று ஆசிரியர்கள் அலசுகிறார்கள்.

முதல் வகுப்புக் கழித்தலை எடுத்துக்கொள்வோம். ஒன்றாம் இடத்து எண் போதாமல் பத்தை உடைக்க வேண்டிய முதல் கணக்கு எதுவாக இருக்கலாம்? 13−9 என்றால், பத்திலிருந்து 9-ஐ எடுத்து, மிஞ்சிய 1-ஐ 3-உடன் கூட்டும் வழி எளிதில் தென்படும். 12−3 என்றால், முதலில் 2-ஐ எடுத்துப் பத்துக்கு வந்து, பிறகு இன்னும் 1-ஐ எடுக்கத் தோன்றும். ஆக, கரும்பலகையில் எழுதும் இரண்டு எண்களே பிள்ளையின் யோசனை எந்தப் பக்கம் திரும்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன. 1990-களில் ஹிரோஷிமா பகுதியின் ட்சுட்டா தொடக்கப் பள்ளியில் ஒரு கழித்தல் பாடம் உருவான விதத்தை ஆய்வாளர் மகோட்டோ யோஷிதா பதிவு செய்தார். அந்த ஆசிரியர்களும் எண்களைத் தேர்வதில் நீண்ட நேரம் செலவிட்டார்கள். கற்பித்தல் உத்திகள் என்று பட்டியல் போடும் கையேடுகளில் இந்த அளவு நுட்பத்தைக் காண்பது அரிது.

பாடக்குறிப்பில் ஆசிரியர் கேட்கப்போகும் கேள்வி மட்டுமல்ல, பிள்ளைகள் சொல்லக்கூடிய விடைகளும் தவறானவை உட்பட இடம்பெறும். கரும்பலகையின் எந்த மூலையில் எது வரும் என்பதும் முன்பே முடிவாகிவிடும். பாடம் முடியும்வரை எழுதியதைக் கூடியவரை அழிப்பதில்லை; வகுப்பு யோசித்த பாதை முழுவதும் பலகையில் கிடக்க வேண்டும்.

பாடம் நடக்கும்போது பார்வையாளர்கள் இருக்கை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்பார்கள். பிள்ளைகளின் நோட்டுகளை எட்டிப் பார்த்துக் குறிப்பெடுக்கலாம், உதவக்கூடாது. பிந்தைய கூட்டத்தில் முதலில் பேசுபவர் பாடம் நடத்தியவர். பாடம் குழுவின் உழைப்பு என்பதால் குறையும் குழுவையே சேரும். ‘நன்றாக நடத்தினீர்கள்’ என்பதற்கு அங்கே மதிப்புக் குறைவு. ‘சன்னலோரப் பையன் நீங்கள் கேட்பதற்கு முன்பே விடையை எழுதி அழித்துவிட்டான்’ என்பது போன்ற குறிப்புக்கே மதிப்பு. இறுதியில் பல்கலைக்கழகத்திலிருந்தோ கல்வி அலுவலகத்திலிருந்தோ வந்த அறிஞர் கருத்துரைப்பார்.

இந்த விவாதங்களில் ஆசிரியரின் திறமையை விட்டுப் பிள்ளையின் கற்றலை மையமாக்கியவர்களில் முக்கியமானவர் கல்வியியலாளர் மனாபு சாட்டோ. 1998-இல் சிகாசாக்கி நகரில் தொடங்கப்பட்ட ஹாமானோகோ தொடக்கப் பள்ளி அவர் கருத்துகளுக்கு முன்மாதிரியானது.

பிற நாடுகளில்

மாணவரின் கணித, அறிவியல் அடைவை ஒப்பிடும் பன்னாட்டு டிம்ஸ் ஆய்வின் ஒரு பகுதியாக ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்கள் 231 படம்பிடிக்கப்பட்டன. அதை அடிப்படையாகக் கொண்டு ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபர்ட்டும் 1999-இல் வெளியிட்ட நூல் பாட ஆய்வை ஆங்கில உலகுக்குப் பரவலாக அறிமுகம் செய்தது. சிங்கப்பூர், இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய நாடுகளும் இதை ஏற்றன. ஹாங்காங்கில் இது சற்று வேறு வடிவம் எடுத்தது.

பலன் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. பின்னம் கற்பிப்பதற்கான தேர்ந்த பாடப்பொருளையும் சேர்த்துக் கொடுத்துக் கேத்தரின் லூயிஸும் ரெபேக்கா பெர்ரியும் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில் ஆசிரியர், மாணவர் இருசாரார் அறிவும் கூடியது. இங்கிலாந்தில் 181 பள்ளிகளில் நடந்து 2017-இல் வெளியான மதிப்பீட்டிலோ மாணவர் மதிப்பெண்ணில் முன்னேற்றம் தென்படவில்லை. பாடப்பொருள் ஆய்வை மேலோட்டமாக முடித்துவிட்டு, ஒரே பாடத்தைத் திருத்தித் திருத்தி மெருகேற்றுவதையே பாட ஆய்வு என்று வெளிநாட்டினர் கருதிவிடுவதாக ஜப்பானியக் கணிதக் கல்வி ஆய்வாளர் டோஷியாகிரா ஃபுஜி சுட்டிக்காட்டினார். இங்கிலாந்து முடிவுக்கு இதுதான் காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனால் வடிவம் எளிதில் கப்பலேறும், பாடப்பொருள் உழைப்பு ஏறாது என்பது வெளிப்படை.

ஜப்பானிலும் நேரம் நெருக்குகிறது. ஆசிரியர்களைப் பற்றிய பன்னாட்டுக் கணக்கெடுப்பான டாலிஸின் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்நாட்டு நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்வதாகக் கூறினர். பங்கேற்ற நாடுகளின் சராசரி சுமார் 38. பாட ஆய்வுக்கான கூட்டங்கள் பெரும்பாலும் பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகே நடக்கின்றன. பணிச்சுமையைக் குறைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கூட்டங்களையும் குறைக்கலாமா என்ற கேள்வி கூடவே வருகிறது.