பாலகும்மி சாய்நாத்

பாலகும்மி சாய்நாத் (பிறப்பு: 1957, சென்னை) ஓர் இந்திய இதழாளரும் பத்தி எழுத்தாளரும் ஆவார். பி. சாய்நாத் என்ற பெயரில் எழுதி வருகிறார். ஊரக வறுமை, வேளாண் நெருக்கடி, சாதி ஒடுக்குமுறை, உலகமயமாதலின் விளைவுகள் ஆகியவை குறித்து இடதுசாரி நோக்கில் எழுதுபவர். 2004 முதல் 2014 வரை தி இந்து ஆங்கில நாளிதழின் ஊரக விவகார ஆசிரியராகப் பணியாற்றினார். 2007 இல் ரமோன் மக்சேசே விருது பெற்றார்.

வாழ்க்கைக் குறிப்பு

சாய்நாத் ஆந்திராவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். தொழிற்சங்கத் தலைவரும் இந்தியாவின் நான்காவது குடியரசுத் தலைவருமான வி. வி. கிரி இவருடைய தாத்தா ஆவார். சென்னை இலயோலாக் கல்லூரியில் பயின்ற பின், தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

1980 இல் யு.என்.ஐ. செய்தி நிறுவனத்தில் இதழியல் பணியைத் தொடங்கினார். பின்னர் ஆர். கே. கரஞ்சியா நடத்திய பிளிட்ஸ் வார இதழில் சேர்ந்து, வெளிநாட்டுச் செய்தி ஆசிரியராகவும் துணை ஆசிரியராகவும் சுமார் பத்து ஆண்டுகள் பணிபுரிந்தார்.

ஊரகச் செய்திப் பணி

1991 இல் இந்திய அரசு பொருளாதாரத் தாராளமயக் கொள்கையை மேற்கொண்டபோது, நாளிதழ்களின் கவனம் நகரங்கள் மீதும் பங்குச் சந்தை மீதும் திரும்பியது. இக்காலத்தில் சாய்நாத் கிராமங்களுக்குச் செல்ல முடிவு செய்தார். 1993 இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா வழங்கிய ஆய்வு நல்கைக்கு விண்ணப்பித்தார். நேர்காணலில் ஆசிரியர் ஒருவர், தம் வாசகர்களுக்கு இத்தகைய செய்திகளில் ஆர்வம் இல்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வாசகர்கள் சார்பில் இப்படிச் சொல்வதற்கு நீங்கள் அவர்களைக் கடைசியாகச் சந்தித்தது எப்போது என்று சாய்நாத் திருப்பிக் கேட்டார். நல்கை அவருக்குக் கிடைத்தது.

நாட்டின் மிக வறிய மாவட்டங்கள் பத்தினைத் தேர்ந்தெடுத்து, பல்லாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்தார். இவற்றில் கணிசமான தொலைவை நடந்தே கடந்தார். 84 செய்திக் கட்டுரைகள் சுமார் பதினெட்டு மாதங்களில் வெளியாயின. இவற்றின் தொகுப்பு, 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' (ஒரு நல்ல வறட்சி என்றால் எல்லோருக்கும் விருப்பம்) என்ற பெயரில் 1996 இல் நூலாக வந்தது. வறட்சி நிவாரண நிதியால் ஒப்பந்தக்காரர்களும் இடைத்தரகர்களும் பலனடைவதைக் கண்ட மக்கள் அந்நிதியை 'மூன்றாம் போகம்' என அழைத்தனர். நூலின் தலைப்பு இதையே சுட்டுகிறது. இதழ்கள் வறுமையை ஒரு நிகழ்வாக மட்டுமே காண்கின்றன, அது தொடர்ந்து நடைபெறும் ஒரு போக்கு என்பதைக் காண்பதில்லை என்பது சாய்நாத்தின் அடிப்படைக் கருத்தாகும்.

தமிழக மாவட்டங்கள்

தமிழ்நாட்டில் இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்களை இவர் தேர்ந்தெடுத்தார். இராமநாதபுரத்தில் மிளகாய் விவசாயிகள் மீது தரகர்கள் செலுத்திய ஆதிக்கத்தைப் பதிவு செய்தார். பனையேறும் தொழிலாளி ஒருவர் ஒரு நாளில் ஏறி இறங்கும் உயரம், 250 மாடிக் கட்டடம் ஒன்றைப் படிக்கட்டில் ஏறி இறங்குவதற்கு ஒப்பானது என்று எழுதினார்.

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்பிக்கப்பட்டது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் சீலா ராணி சுங்கத் இதனை ஊக்குவித்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டத் தொடங்கியதாகச் சாய்நாத் குறிப்பிட்டார். பேருந்துக்குக் காத்திராமல் தண்ணீர் எடுக்கவும், விளைபொருளை விற்கவும், பிள்ளைகளை அழைத்துச் செல்லவும் முடிந்ததால், பெண்கள் ஆண்களைச் சார்ந்திருப்பது குறைந்ததை அக்கட்டுரை விளக்குகிறது. இதன் இந்தி வடிவம் என்.சி.இ.ஆர்.டி. பள்ளிப் பாடநூலில் இடம்பெற்றது.

விவசாயிகள் தற்கொலை

தி இந்துவில் இவர் எழுதிய கட்டுரைகளில் மகாராட்டிர மாநில விதர்பா பகுதிப் பருத்தி விவசாயிகளின் தற்கொலைகள் பற்றியவை பரவலாக அறியப்பட்டவை. 2006 இல் மும்பையில் நடந்த ஆடை அலங்கார விழாவுக்கு 512 செய்தியாளர்கள் அனுமதி பெற்றிருந்த வேளையில், விதர்பா தற்கொலைகள் குறித்துச் செய்தி சேகரித்தவர்கள் ஆறு பேரே என்று சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு பிரதமர் மன்மோகன் சிங் விதர்பாவுக்கு நேரில் சென்றார்.

சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் கே. நாகராஜ், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து, 1997 முதல் 2005 வரை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டதைக் கண்டறிந்தார். சாய்நாத் இம்முடிவுகளை 2007 இல் நாளிதழில் வெளிக்கொணர்ந்தார். 1995 முதல் 2011 வரையிலான எண்ணிக்கை 2,70,940 என்று பின்னர் எழுதினார். நிலப் பட்டா தம் பெயரில் இல்லாத பெண்கள் விவசாயிகளாகக் கணக்கிடப்படுவதில்லை என்பதால், உண்மை எண்ணிக்கை இதனினும் கூடுதல் என்பது இவருடைய வாதம்.

மொத்த மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இவ்விகிதம் அதிகம் அல்ல என்று சிலர் மறுத்தனர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குறைந்துவரும் பயிரிடுவோர் எண்ணிக்கையோடுதான் ஒப்பிட வேண்டும் என்றார் சாய்நாத். அவ்வாறு கணக்கிட்டால், 2011 இல் விவசாயிகளின் தற்கொலை விகிதம் பிறரைவிட 47 விழுக்காடு அதிகம் என்றார்.

ஊடக விமர்சனம்

2009 மகாராட்டிரச் சட்டமன்றத் தேர்தலின்போது, ஒரே புகழுரை போட்டி நாளிதழ்களில் வெவ்வேறு பெயர்களில் செய்தியாக வெளிவந்ததை அம்பலப்படுத்தினார். 'பணம் பெற்று வெளியிடும் செய்தி' குறித்த விவாதம் இதனால் வலுப்பெற்றது.

பாரி இணையத்தளம்

2014 டிசம்பர் 20 அன்று ஊரக இந்தியாவுக்கான மக்கள் காப்பகம் (பாரி) என்னும் இணையத்தளத்தைத் தொடங்கினார். உழைக்கும் மக்களின் வாழ்க்கை, தொழில், மொழி, கலை ஆகியவற்றை ஆவணப்படுத்தும் இத்தளம் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளியாகிறது. 2022 இல் வெளியான 'தி லாஸ்ட் ஹீரோஸ்' (கடைசி நாயகர்கள்) என்ற நூலில், அறியப்படாத விடுதலைப் போராளிகளுடன் தமிழகப் பொதுவுடைமைத் தலைவர்கள் என். சங்கரய்யா, இரா. நல்லகண்ணு ஆகியோரைப் பற்றியும் எழுதியுள்ளார்.

விருதுகள்

• ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் போர்மா பரிசு (2001)
• ரமோன் மக்சேசே விருது (2007)
• ஃபுக்குவோக்கா பெரும் பரிசு (2021)

தாம் விமர்சிக்க வேண்டிய அரசிடமிருந்து இதழாளர் விருது பெறுவது முறையல்ல என்ற கொள்கையுடைய இவர், 2009 இல் பத்ம பூசண் விருதை ஏற்க மறுத்தது குறிப்பிடத்தக்கது.