ஒயிட்ஹால் அரண்மனை வரைபடங்களும் ஜான் வெப்பின் வாக்குமூலமும்

லண்டன் ஒயிட்ஹாலில் முதலாம் சார்ல்ஸ் எழுப்ப நினைத்துக் கைகூடாமற்போன புதிய அரண்மனைக்கான வரைபடங்கள் யாருடைய படைப்பு, எந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை என்னும் வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டதாகவே இன்று கருதப்படுகிறது. தாள்களில் பெரும்பாலானவை ஜான் வெப்பின் கையால் வரையப்பட்டவை; ஆனால் அவற்றுள் தலையாய முதல் திட்டம் 1638ஐ ஒட்டி இனிகோ ஜோன்ஸ் வகுத்தது; வெப் அதைப் படியெடுத்தவரும் பின்னாளில் விரித்தவருமே என்பது அந்த முடிவு. இக்கட்டுரை அதை ஏற்கவில்லை. அந்த முடிவுக்குத் தடையாக நிற்கும் ஓர் ஆவணம் உண்டு. அதை ஆய்வாளர்கள் எல்லோரும் அறிவர், மேற்கோளாகவும் காட்டுவர், காட்டிய மறுவரியிலேயே ஒதுக்கியும் விடுவர். அந்த ஒதுக்கலுக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்பதே இங்குள்ள கேள்வி.

ஆவணம் வெப்பினுடையது. 1660இல் மறுமுடியேற்பை ஒட்டி, அரச கட்டடப்பணிக் கண்காணிப்பாளர் பதவியை வேண்டி அவர் இரண்டாம் சார்ல்ஸிடம் விண்ணப்பித்தார். தம் தகுதிகளைத் தொகுத்துரைக்கும் குறிப்பும் அந்த விண்ணப்பத்தோடு சேர்ந்தது. மறைந்த மன்னரின் ஆணைப்படி ஜோன்ஸிடம் கட்டடக்கலை பயின்றது. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் மன்னருக்கு அணிகலன்களைத் தம் உட்சட்டையில் தைத்து மறைத்துக் கொண்டுபோனது. அது வெளிப்பட்டதும் உடைமை பறிபோய்ச் சிறைப்பட்டது. லண்டனைச் சுற்றியிருந்த அரண்களின் வரைபடங்களை ஆக்ஸ்ஃபோர்டிலிருந்த மன்னருக்கு அனுப்பியது எனத் தம் பணிகளை அவர் அடுக்குகிறார். அவற்றினிடையே நமக்கு வேண்டிய செய்தி வருகிறது. ஹாம்ப்டன் கோர்ட்டிலும் வைட் தீவிலும் மன்னரை அண்டியிருந்ததாகவும், ஒயிட்ஹாலுக்கு ஓர் அரண்மனையை வகுக்கும்படி மன்னர் தமக்கு ஆணையிட்டதாகவும், மன்னருக்கு நேர்ந்த பேரிடர் தடுக்கும்வரை அப்பணியைச் செய்துவந்ததாகவும் வெப் கூறுகிறார். ஹாம்ப்டன் கோர்ட், வைட் தீவு என்ற இரு இடப்பெயர்களும் சேர்ந்து குறிக்கும் காலம் ஒன்றே: 1647 ஆகஸ்டு முதல் 1648 இறுதி வரை. அப்போது சார்ல்ஸ் சிறைப்பட்ட மன்னர்.

இவ்வாக்குமூலத்தை ஒதுக்குவோர் கூறும் காரணம் எளியது. இது பதவி தேடியவரின் எழுத்து. பதவி தேடுபவர் தம்மைப் பெருக்கிக் காட்டுவார். ஆகவே இதைச் சான்றாகக் கொள்ள முடியாது என்பர். விண்ணப்பங்களைப் படிக்கும் எவரும் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைதான் இது. ஆனால் பெருக்கிக் காட்டுவது வேறு, இல்லாததைப் புனைவது வேறு. புனைபவர், பொய்யென்று காட்டக்கூடியவர்கள் இல்லாத இடம் பார்த்தே புனைவார். வெப்பின் குறிப்பு யார் கண்முன் வைக்கப்பட்டது என்பதைக் கேட்டால் அந்த எச்சரிக்கையின் வலிமை பெரிதும் குறைந்துவிடுகிறது.

முதலில் அவருடைய போட்டியாளரைப் பார்ப்போம். பதவி போய்ச் சேர்ந்தது கவிஞரான ஜான் டென்ஹாமிடம். டென்ஹாமுக்குக் கட்டடக்கலையின் கோட்பாடு ஓரளவு தெரிந்திருக்கலாம், செய்முறை தெரியாது என்று வெப் அந்த ஆவணத்திலேயே நேரடியாக வாதிடுகிறார். ஆக, இது எதிராளியை முன்னிறுத்தி எழுதிய வழக்குரை. அந்த எதிராளி 1647இல் எங்கிருந்தார்? பின்னாளில் தம் கவிதைத் தொகுப்பை இரண்டாம் சார்ல்ஸுக்குப் படைத்தபோது டென்ஹாமே அதை எழுதியிருக்கிறார். சிறைப்பட்ட மன்னரை நேரில் காணும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. ஹாம்ப்டன் கோர்ட்டை விட்டு நீங்கும்போது, லண்டனில் மறைந்திருந்து தம் கடிதங்களைப் பெறவும் அனுப்பவும் வேண்டும் என்று மன்னர் அவரைப் பணித்தார். ஹாம்ப்டன் கோர்ட்டில் மன்னரை யார் அண்டியிருந்தார், எதற்காக என்பதை அறிந்திருக்கக்கூடிய மிகச் சிலருள் ஒருவரான டென்ஹாமுக்கு எதிராகவே, ஹாம்ப்டன் கோர்ட்டைச் சுட்டி வெப் தம் கோரிக்கையை வைக்கிறார். அது பொய்யாக இருந்தால், மறுக்க அதைவிட வாய்ப்பான ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

அடுத்து, கருவூலத்துக்குப் பொறுப்பேற்றவரைக் காண்போம். அவர் சவுதாம்ப்டன் பிரபு. 1648இல் நியூபோர்ட் உடன்படிக்கைப் பேச்சின்போது வைட் தீவில் மன்னருடன் இருந்த பிரபுக்களில் ஒருவர். 1649இல் மன்னரின் உடலை வின்ட்சருக்குக் கொண்டுசென்றவர்களிலும் ஒருவர். அவரே 1660இல் கருவூலத்தின் தலைமையில் அமர்ந்தார். நியூபோர்ட்டில் மன்னருக்கு ஆன்மிகத் துணையாக இருந்த ஜக்ஸன், அதே ஆண்டில் கேன்டர்பரி பேராயரானார். வைட் தீவின் சாட்சிகள் 1660இல் அவையின் உச்சியில் இருந்தார்கள் என்பது இதனால் தெளிவு. மன்னரின் கடைசி ஆண்டுகள் அவர்களுக்குப் புனிதமான நினைவு. அந்த நினைவுக்குள் ஒரு பொய்யான ஆணையைச் செருகி அதன்மேல் பதவி கேட்கும் துணிவு வெப்புக்கு இருந்தது என்று கொள்வதானால், அதற்குத் தனிச் சான்று வேண்டும். அப்படியொரு சான்றை எவரும் இதுவரை காட்டவில்லை.

வாக்குமூலத்தின் உள்ளமைப்பும் இதற்குத் துணை நிற்கிறது. தாம் அரண்மனையை வகுத்து முடித்ததாக வெப் கூறவில்லை. பேரிடர் வந்ததால் நின்றுபோனதாகவே கூறுகிறார். தகுதியைப் புனைபவர் முடியாத பணியைப் புனைய மாட்டார். மேலும், ஜோன்ஸின் பெயரை வெப் மறைக்கவில்லை. அவரிடம் பயின்றேன் என்பதே அவர் முன்வைக்கும் முதல் தகுதி. ஒயிட்ஹால் அரண்மனை ஜோன்ஸின் திட்டமாக இருந்து, வெப் அதில் உதவியவர் மட்டுமாக இருந்திருந்தால், அதைச் சொல்வதே அவருக்கு ஆதாயம். 1615 முதல் கண்காணிப்பாளராயிருந்த ஜோன்ஸின் முடிக்கப்படாத பெரும்பணிக்கு உரிய வாரிசு நானே என்று அவர் வாதிட்டிருக்கலாம். அந்த எளிய, வலிய வாதத்தை அவர் எடுக்கவில்லை. ஆணை தமக்கு வந்தது என்று மட்டுமே எழுதுகிறார்.

சிறையிருந்த மன்னரால் கட்டடக்கலைஞர் ஒருவரோடு அமர்ந்து அரண்மனையைப் பேசியிருக்க முடியுமா? காலநிரலை எடுத்துப் பார்த்தால் ஐயம் நீங்கும். ஹாம்ப்டன் கோர்ட்டில் சார்ல்ஸ் அரசவைச் சடங்குகளோடு வாழ்ந்தார்; பார்வையாளர் தாராளமாக வந்துபோயினர்; படைத்தலைவர்கள் அவரோடு உடன்பாட்டு விதிகளைப் பேசிக்கொண்டிருந்தனர். 1647 நவம்பர் 11 அன்று அங்கிருந்து தப்பி வைட் தீவின் கேரிஸ்புரூக் கோட்டையை அடைந்தார். அங்கும் முதல் சில வாரங்கள் காவல் தளர்வாகவே இருந்தது. 1648இன் பெரும்பகுதி கடுங்காவல். ஆனால் செப்டம்பரில் நியூபோர்ட் பேச்சு தொடங்கியதும் பணியாளரும் ஆலோசகரும் சூழ அவர் ஊருக்குள் தங்க வைக்கப்பட்டார். வெப் சுட்டும் இடங்களில் அணுகல் திறந்திருந்த காலங்கள் இவை. இந்தக் காலங்களில் மன்னர் அரியணைக்குத் திரும்பப்போகிறார் என்னும் எதிர்பார்ப்பு உயிரோடிருந்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். திரும்பப்போகும் மன்னர் எங்கே குடியிருப்பார் என்பது அப்போது வெறுங்கனவல்ல, அரசியல் கேள்வி.

கை வெப்பினுடையது, கருத்து ஜோன்ஸினுடையது என்னும் வாய்பாட்டுக்கு வருவோம். 1628இல் ஜோன்ஸிடம் சேர்ந்த வெப், ஆசிரியரின் பல பணிகளுக்கு வரைபடம் தீட்டியவர் என்பது உண்மை. ஆகவே வெப்பின் கையில் உள்ள ஒரு தாள் ஜோன்ஸின் எண்ணத்தைத் தாங்கியிருக்கலாம். ஆனால் இந்த வாய்பாட்டை எந்தத் தாளாலும் பொய்யாக்க முடியாது. சிறப்பாக இருப்பதை ஆசிரியருக்கும், தளர்ந்திருப்பதை மாணவருக்கும் பங்கிட அது இடம் தருகிறது. பங்கீட்டின் அளவுகோல் ஆய்வாளரின் சுவையேயன்றி வேறில்லை. ஆவணம் இல்லாத இடத்தில் சுவையை நம்ப நேரலாம். ஆவணம் இருக்கும் இடத்தில் சுவையைக் கொண்டு அதை வெல்வது முறையன்று.

இதே ஆண்டுகளிலிருந்து ஓர் ஒப்புச்சான்றும் உண்டு. வில்டன் மாளிகையின் தென்பகுதி தீயில் அழிந்து மீண்டும் எழுப்பப்பட்டதைப் பற்றி ஜான் ஆப்ரி எழுதும்போது, ஜோன்ஸ் மிக முதியவராகிவிட்டதால் நேரில் வர இயலாமல் ஆலோசனை மட்டும் தந்து, பணியை வெப்பிடம் விட்டார் என்கிறார். 1645 அக்டோபரில் பேசிங் மாளிகை வீழ்ந்தபோது சிறைப்பட்ட ஜோன்ஸுக்கு 1647இல் வயது எழுபத்து நான்கு. ஹாம்ப்டன் கோர்ட்டுக்கும் கடல் கடந்து வைட் தீவுக்கும் செல்லக்கூடியவர் வெப். ஜோன்ஸின் ஆலோசனை ஒயிட்ஹாலிலும் இருந்திருக்கலாம். அதை மறுக்க நான் முனையவில்லை. ஆனால் ஆலோசனை தருவதும் வகுப்பதும் ஒன்றல்ல.

1638 என்னும் ஆண்டுக்கான ஆதரவு எத்தகையது? மன்னர் நாடாளுமன்றமின்றி ஆண்ட காலத்தின் உச்சம் அது. ஜோன்ஸின் செல்வாக்கும் அப்போது உச்சத்தில் இருந்தது. பெரிய அரண்மனை ஒன்றைக் கனவு காண ஏற்ற காலம் என்பர். பொருத்தமான சூழல் என்பது சான்றாகாது. அந்தச் சூழலிலிருந்து நமக்கு உறுதியாகக் கிடைப்பது வேறொன்று. 1619 முதல் 1622 வரை ஜோன்ஸ் கட்டிய விருந்து மண்டபத்தின் கூரையில் ரூபன்ஸின் ஓவியங்கள் பதிக்கப்பட்டபின், தீவட்டிப் புகை அவற்றைக் கெடுக்கும் என்பதால் அங்கே அரசவைக் கூத்துகள் நிறுத்தப்பட்டன. அவற்றுக்காக 1637இல் பக்கத்திலேயே மரத்தால் ஒரு கூடம் எழுப்பப்பட்டது. அரண்மனையைப் பற்றி அந்த ஆண்டுகள் உறுதியாகக் காட்டுவது இந்த மரக்கூடத்தையே. இதை வைத்து எந்தப் பக்கமும் பெரிதாக வாதிட முடியாது. எனினும், ஆயிரம் அடிக்கு மேல் நீளும் ஒரு கல் அரண்மனைக்கு இதுவே அண்டைச் சான்று என்றால், அந்த ஆண்டின் வலிமை எவ்வளவு என்பதை வாசகர் கணிக்கலாம்.

ஜோன்ஸின் பெயர் இவ்வரைபடங்களோடு இவ்வளவு இறுகப் பிணைந்தது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். காலன் கேம்பல் 1717இல் தம் நூலின் இரண்டாம் தொகுதியிலும், வில்லியம் கென்ட் 1727இல் பர்லிங்டன் பிரபுவின் ஆதரவில் வெளியிட்ட தொகுப்பிலும் ஒயிட்ஹால் அரண்மனையை ஜோன்ஸின் பெயரில் செதுக்குப்படங்களாக்கி உலகுக்குத் தந்தனர். பல்லாடியோவின் வழியை இங்கிலாந்தில் மீண்டும் நிலைநாட்ட முனைந்த அவர்களுக்கு ஒரு முதல்வர் தேவைப்பட்டார். ஜோன்ஸ் அந்த முதல்வரானார். பர்லிங்டன் வாங்கிய தாள்கள் இன்று சாட்ஸ்வொர்த்திலும், ஜார்ஜ் கிளார்க் திரட்டியவை ஆக்ஸ்ஃபோர்டு வூஸ்டர் கல்லூரியிலும் உள்ளன. இருபதாம் நூற்றாண்டில் கைகளை ஒப்பிட்ட ஆய்வு வெப்பை வெளிக்கொணர்ந்தது. பின்னர் முதல் திட்டத்தை மட்டும் பிரித்தெடுத்து ஜோன்ஸுக்குத் திருப்பித் தந்தது, பர்லிங்டன் வட்டத்தின் தீர்ப்புக்குப் பாதி உயிர் கொடுத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

எஞ்சிய தடைகள் சிறியவை. காவலில் இருந்த மன்னரிடம் கட்டப் பணமில்லை என்பது ஒன்று: கட்டத்தான் பணம் வேண்டும், வகுக்க வேண்டாம். திட்டத்தின் பரப்பு சிறைப்பட்டவரின் நிலைக்குப் பொருந்தாது என்பது மற்றொன்று: இழந்ததை மீட்க நினைக்கும் மன்னர் சிறிதாக எண்ணியிருப்பார் என்று கொள்ளக் காரணமில்லை. பாணி 1630களை ஒத்தது என்பது இன்னொன்று: 1630களில் பயின்ற வெப், பத்தாண்டு கழித்தும் பயின்றபடியே வரைந்ததில் வியப்பில்லை.

இங்கே எல்லை வகுத்துக்கொள்வதும் கடமை. எல்லாத் தாள்களும் 1647-48ஐச் சேர்ந்தவை என்று நான் கூறவில்லை. சில, 1660க்குப் பின் இரண்டாம் சார்ல்ஸுக்காக வெப் மீண்டும் எடுத்த முயற்சியைச் சேர்ந்தவை என்பதில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. விருந்து மண்டபத்தை ஒரு பக்கமாகக் கொண்டு, அதற்கு ஈடான இன்னொரு கட்டடத்தை எதிரே நிறுத்தும் எண்ணத்தின் வித்து ஜோன்ஸுடையதாக இருக்கவும் கூடும். ஆனால் வித்து இருந்திருக்கலாம் என்பதைக் கொண்டு ஆண்டும் ஆசிரியரும் இட்ட ஒரு முழுத் திட்டத்தை நிறுவ முடியாது.

ஆண்டை மாற்றினால் பொருளும் மாறுகிறது. 1638இல் வைத்துப் பார்க்கும்போது ஒயிட்ஹால் திட்டம், வீழ்ச்சியை உணராத எதேச்சாதிகாரத்தின் செருக்காகவே வாசிக்கப்படுகிறது. வரலாற்று நூல்கள் பலவற்றில் அது அந்தப் பாடத்துக்கே எடுத்துக்காட்டாகிறது. 1648இல் வைத்தால், உடன்பாட்டின் வழியே அரசு மீளும் என்று நம்பிய ஒரு மன்னரும், அவரைக் காவலிலும் கைவிடாத ஒரு கலைஞரும் சேர்ந்து வகுத்த மீட்சித் திட்டமாகிறது. மன்னரின் நம்பிக்கை தவறானது. 1649 ஜனவரி 30 அன்று அந்த விருந்து மண்டபத்தின் முன்னேதான் அவர் தலை வெட்டப்பட்டது. அவருடைய அரசியலை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாள்கள் எந்த அரசியலின் விளைவு என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு நமக்குண்டு.

டென்ஹாம் 1669இல் இறந்தபோதும் பதவி வெப்புக்கு வரவில்லை. கிறிஸ்டோபர் ரென்னுக்குப் போயிற்று. வெப் 1672இல் மறைந்தார். உயிரோடிருந்தபோது அவர் சொல்லை அரசு ஏற்கவில்லை. இறந்தபின் ஆய்வுலகமும் பாதியே ஏற்றது. வலுவான மறுப்பு ஒன்று கிடைக்கும்வரை, ஒயிட்ஹாலின் முதல் திட்டத்தை 1647-48 என்னும் ஆண்டின்கீழ், வெப்பின் பெயரிலேயே பட்டியலிட வேண்டும். ஜோன்ஸின் பெயர் வேண்டுமானால் ஐயக்குறியோடு பின்னால் நிற்கட்டும். மெய்ப்பிக்கும் கடமை இனி 1638ஐக் கூறுவோருடையது.