யன்னல் வழியே கண்ட ஆடுகளம்

விளையாட்டை விரும்பிய இலக்கிய ஆசிரியர் பலர். குத்துச்சண்டை ஒன்றைக் கண்டுவந்து வில்லியம் ஹஸ்லிற் 1822இல் எழுதிய கட்டுரை இன்றும் விரும்பிப் படிக்கப்படுகின்றது. ஆயினும், விளையாட்டின்மீது கொண்ட காதலைக் கூறப் புகுந்து, தம் மனச்சான்றையே விசாரணைக்கு நிறுத்தியவர் ஒருவர் உளர். அவரே சி. எல். ஆர். ஜேம்ஸ்.

ஜேம்ஸ் 1901இல் திரினிடாட் தீவிற் பிறந்தவர். பாடசாலை ஆசிரியர் ஒருவரின் மகன். துனாப்புனா என்னும் ஊரில் அவர்கள் வாழ்ந்த வீட்டின் யன்னல் துடுப்பாட்ட மைதானத்தை நோக்கியிருந்தது. சிறுவன் கதிரைமீது ஏறி நின்று ஆட்டம் பார்ப்பான். அங்கு நின்றவாறே அலுமாரியின்மேல் இருந்த புத்தகங்களையும் எட்டி எடுப்பான். ஆட்டமும் ஏடும் அவனுக்கு ஒருங்கே வாய்த்தன.

அயலில் மத்தியூ பொண்ட்மன் என்றொருவர் இருந்தார். தொழில் இல்லாதவர், அழுக்கு உடையினர், ஊராரின் இகழ்ச்சிக்கு இலக்கானவர். ஆனால், துடுப்பைக் கையில் எடுத்தாரெனின் கண்டோர் மெய்ம்மறந்தனர். ஒதுக்கப்பட்ட மனிதரிடத்தில் இத்துணை அழகு எங்ஙனம் குடிகொண்டது? இவ்வினா ஜேம்ஸின் உள்ளத்தை விட்டு அகலவேயில்லை.

அக்காலத்தில் அத்தீவின் ஆட்டக் கழகங்கள் தோலின் நிறத்தால் வகுக்கப்பட்டிருந்தன. மாநிறத்து நடுத்தர வகுப்பினருக்கு மேப்பிள். கறுப்பினத்துக் கீழ்நடுத்தர வகுப்பினருக்கு ஷனன். கற்றறிந்த கறுப்பு இளைஞரான ஜேம்ஸுக்கு இரண்டும் கதவு திறந்தன. அவர் மேப்பிளைச் சேர்ந்தார். லியறி கொன்ஸ்ரன்ரைன் போன்ற பெருவீரர்கள் ஆடியதோ ஷனனில். அத்தெரிவு தம்மைப் பொதுமக்களிடமிருந்து பிரித்து, தமது அரசியல் வளர்ச்சியைப் பல்லாண்டு பின்தள்ளியதென்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

1932இல் இங்கிலாந்து சென்ற ஜேம்ஸ், நெல்சன் நகரில் அதே கொன்ஸ்ரன்ரைனின் இல்லத்தில் தங்கினார். அவர் நூல் எழுதத் துணைநின்றார். 1958இல் தாயகம் மீண்டு, 'நேஷன்' என்னும் பத்திரிகையின் ஆசிரியரானார். மேற்கிந்திய அணியின் தலைமை கறுப்பினத்தவருக்கு மறுக்கப்பட்டு வந்ததை எதிர்த்து, பிராங் வொறலைத் தலைவராக்க வேண்டுமென அதில் வாதாடினார். வொறல் தலைவராக நியமிக்கப்பட்டார். முழுத் தொடர் ஒன்றுக்கு அவ்வாறு நியமனம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் அவ்வணி ஆடிய ஆட்டம், டெஸ்ட் வரலாற்றில் முதன்முறையாக இரு பக்கமும் சம ஓட்டங்களுடன் முடிவுற்றது. தொடரில் அணி தோற்றது. ஆயினும், மெல்பேண் வீதிகளில் மக்கள் பெருந்திரளாகக் கூடி அதனை வாழ்த்தி வழியனுப்பினர்.

இவையனைத்தையும் ஜேம்ஸ், 'எல்லைக்கோட்டுக்கு அப்பால்' என்று பொருள்படும் தலைப்புடைய நூலில் 1963இல் வெளியிட்டார்.

நேயர்களே, ஓட்டங்களின் எண்ணிக்கையை வானொலி நமக்கு அறிவிக்கும். ஆடுபவன் யார், அவனுக்கு மறுக்கப்பட்டது யாது என்பதை எழுத்தாளனே கூறவேண்டும். மேப்பிளைத் தெரிந்த இளைஞன் இழைத்த தவற்றை, வொறலுக்காக வாதாடிய முதியவர் திருத்திக்கொண்டார் என்றே நாம் கொள்ளலாம்.